இரும்பு சுபைறா

எங்கள் மருதமுனையில் பட்டப்பெயர் இல்லாமல் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் குறைவு. எனக்கும் ஒன்று உண்டு: குளிசை ஹமீட். அரசாங்க டிஸ்பென்சரியில் இருபத்தெட்டு வருடம் குளிசை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுத்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 'இரும்பு சுபைறா' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, வெளியூரில் இருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, "அவ்வளவு கல்நெஞ்சக்காரியா அந்தப் பொம்பிளை?" என்று என்னிடம் கேட்டபோது கோபம் வந்தது. தெரியாத பெயருக்குத் தாங்களே ஒரு அர்த்தம் சொல்லிக்கொள்ளும் புத்தி சிலருக்கு இருக்கிறது. அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சுபைறா கல்நெஞ்சக்காரி அல்ல. பலசாலியும் அல்ல. நெசவுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துச் சீவித்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் தெருக்களில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நாற்பது நாள் கழிந்த கையோடு அங்கே போய் நிற்பாள். எல்லாரும் பிள்ளையைப் பார்க்கப் போவார்கள், இவள் தாயைப் பார்க்கப் போவாள். தாயின் கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து உட்புறத்தைப் பார்ப்பாள். சிவப்பாக இருந்தால் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். வெளுத்திருந்தால், "இரும்பு காணாது கா, நாளைக்கு ஹமீட்டிட்டப் போ" என்பாள். போதாது என்பதை நாங்கள் காணாது என்றுதான் சொல்வோம். மறுநாள் அந்தப் பெண் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்பாள். டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் எங்கள் அப்போதிக்கரி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, சுபைறா சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதுவார்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை. நடந்தது ஐம்பத்து நாலாம் வருடம்.

சுபைறாவின் புருஷன் ஜவுபர் காக்கா (மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம்) நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். கைகள் முழங்கை வரை எந்த நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்தவர். வீடு அவளுடைய உம்மா ஆசியா உம்மாவுடையது. உம்மாவுக்குப் பிறகு சுபைறாவுக்கு, சுபைறாவுக்குப் பிறகு அவளுக்குப் பிறக்கும் பெண்ணுக்கு. எங்களிடம் வீடு அப்படித்தான் இறங்கும். ஆகவே அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளையை எவ்வளவு ஆசையோடு பார்த்திருந்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. பங்குனியில் பிறந்தது. பெண். சல்மா உம்மா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பிறந்த அன்று சுபைறாவுக்கு நிறைய இரத்தம் போனது. மூன்று பாய் கழுவியதாகப் பிறகு ஆசியா உம்மா சொன்னார். இரத்தம் ஒருவழியாக நின்றது, தாயும் பிள்ளையும் உயிரோடு இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லாரும் ஆறினார்கள். அதற்குப் பிறகு பத்தியம். கீரை குளிர், ஈரல் கிரந்தி, இறைச்சி சூடு என்று எல்லாம் விலக்கு. சோறும் பூண்டும் மிளகும் காய்ந்த சுறாவும்தான் நாற்பது நாளும். ஏற்கனவே வற்றிய கிணற்றைத் தூர்த்தும் வைத்தோம் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியாது.

நாற்பது கழிந்தும் சுபைறா எழும்பவில்லை. அதாவது, எழும்புவாள், குளிப்பாள், வைத்த சோற்றில் நாலு வாய் தின்பாள். ஆனால் ஆள் அங்கே இல்லை. பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கமாட்டாள். மடியில் கொண்டுபோய்க் கிடத்தினால் பால் கொடுப்பாள். கொடுத்து முடிந்ததும் யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் பார்ப்பதுபோல் பிள்ளையைப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் பாலும் நின்றது. ஆசியா உம்மா ஆட்டுப்பாலைக் காய்ச்சிச் சங்கில் ஊற்றினார்.

அந்த நாட்களைப் பற்றிச் சுபைறா வருடங்கள் கழித்து என் மனைவியிடம் சொன்னாள். "அழுகை வந்திருந்தா நல்லா இருந்திரிக்கும் மச்சி. அதுவும் வரல்ல. எண்ட புள்ள அழுறது அடுத்த வளவுல யாரோடயோ புள்ள அழுற மாதிரிக் கேக்கும். போய்த் தூக்கோணும் எண்டு தெரியும். ஆனா தூக்கிறத்துக்கு ஒரு ஆள் வேணுமே, அந்த ஆள் எனக்குள்ள இல்ல."

அவளுக்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. அடுப்பின் ஓரத்து மண்ணைக் கிள்ளி யாருக்கும் தெரியாமல் வாயில் போடுவாள். புதுப் பானையை உடைத்து ஓட்டுத் துண்டைக் கறுமுறு என்று கடிப்பாள். ஆசியா உம்மா ஒருநாள் கண்டுவிட்டார். மண் தின்னுகிற பெண், பிள்ளையைத் திரும்பிப் பாராத தாய். இது ஜின்னின் பார்வைதான் என்று அவர் முடிவு கட்டியதில் என்ன பிழை? நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். இரும்பு இருக்கும் இடத்துக்கு ஜின்னும் பேயும் வராது. சுபைறாவின் தலையணைக்குக் கீழே ஆசியா உம்மா தன்னுடைய பாக்குவெட்டியை வைத்திருந்தார். நல்ல கனமான பழைய பாக்குவெட்டி. நாற்பதோடு எடுத்துவிட வேண்டியது, எடுக்கவில்லை. அதோடு ஒரு கத்தியையும் சேர்த்து வைத்தார். பள்ளிவாசல் அச்சிமுகம்மது லெவ்வை வந்து ஓதித் தண்ணீர் கொடுத்தார். ஒன்றும் அசையவில்லை.

இந்த நேரத்தில்தான் நாச்சியா வந்தார். ஜவுபர் காக்காவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, சாய்ந்தமருதில் இருப்பவர், பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லாதவர். கெட்ட மனுசி என்று யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று நாள் இருந்தார். சங்கில் பால் ஊற்றும்போது ஆசியா உம்மாவின் கை நடுங்கிப் பாதி கழுத்தில் வழிவதைப் பார்த்தார். பிறகு, நான் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்றார். நோன்பு மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வரை பார்ப்பது, அதற்குள் சுபைறா சரிவராவிட்டால் பெருநாளின் மூன்றாம் நாள் நாச்சியா பிள்ளையைக் கொண்டுபோவது என்று நாலு பெரியவர்கள் முன்னால் பேச்சானது. அந்த நாலு பேரில் என் வாப்பாவும் ஒருவர்.

சுபைறாவிடமும் கேட்டார்கள். "ஓம்" என்றாள். எதைக் கேட்டாலும் ஓம் என்ற காலம் அது. சோறு வேணுமா, ஓம். வேணாமா, ஓம். ஆசியா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வீட்டுக்கு உரிய பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போகப்போகிறது, பெற்றவள் ஓம் என்கிறாள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை ஜவுபர் காக்கா அவளைத் திரை கட்டிய மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்தார். மனசுக்கு மருந்து எடுக்க அல்ல. மனசுக்கு டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? அவளுடைய கால் வீங்கியிருந்தது, கிணற்றடியில் இரண்டு தரம் விழுந்திருந்தாள். அதற்காகத்தான் வந்தார்கள்.

அப்போதிக்கரி ஐயா யாழ்ப்பாணத்து ஆள். கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு விரலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தத்தை வெள்ளை ஒற்றுத்தாளில் எடுத்தார். எங்களிடம் ஒரு அட்டை இருந்தது. அதில் கடும் சிவப்பில் இருந்து வெளிறின ரோசா வரை படிப்படியாக நிறம் அச்சடித்திருக்கும். இரத்தத் துளியை ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் வைத்து எது பொருந்துகிறது என்று பார்ப்பது. ஐயா ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பின்னால் நின்ற ஜவுபர் காக்கா எட்டிப் பார்த்து, கடைசிக்கு முந்தின படியில் நீல விரலை வைத்தார்.

"இதுதான் ஐயா. இது மூண்டாம் தோய்ப்பு."

ஐயாவுக்கு விளங்கவில்லை. நான்தான் சொன்னேன். சாயத் தொட்டியில் முதல் தடவை நூலைப் போட்டால் நிறம் நன்றாகப் பிடிக்கும், அதே தண்ணீரில் இரண்டாம் தடவை போட்டால் மங்கும், மூன்றாம் தடவை போட்டால் நூல் நனைந்து வரும், நிறம் வராது. ஜவுபர் காக்கா வாயைத் திறந்தபடி அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மனைவியின் உடம்புக்குள் ஓடுவது சாயம் தீர்ந்த தண்ணீர் என்று அவருக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"உவவுக்கு உடம்பில இரும்பு காணாது," என்றார் ஐயா.

"இரிக்கி ஐயா," என்றார் ஜவுபர் காக்கா. "தலகாணிக்குக் கீழ பாக்குவெட்டி ஒண்டும் கத்தி ஒண்டும் வெச்சிரிக்கி."

ஐயா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குளிசையை எண்ணி மடித்து, "இது இரும்புக் குளிசை காக்கா, காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு, சோத்துக்குப் பொறகு" என்று நீட்டினேன். பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். அந்தச் சிரிப்புக்குச் செலவழித்த நேரத்தை விளக்கிச் சொல்வதற்குச் செலவழித்திருந்தால் என்று பிறகு எத்தனையோ தரம் என்னை நானே திட்டியிருக்கிறேன்.

இருபது நாள் போனது. கச்சான் காற்று வீசத் தொடங்கி, தெருவெல்லாம் புழுதி. செல்லத்தங்கம் என்று தம்பிலுவிலைச் சேர்ந்த அரசாங்க மருத்துவிச்சி ஒருவர் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, ஊசிபோலப் பார்வை. சுபைறாவின் பெயர் அவருடைய பட்டியலில் இருந்தது. வீடு தெரியாததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உள்ளே போனார், நான் முற்றத்தில் மாமர நிழலில் நின்றேன். உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது.

"குளிசை குடுக்கிறீங்களா உம்மா?"

"குடுக்கிறம் மிஸ்ஸி."

"மலம் கறுப்பாப் போகுதா?"

"சீ, அதென்ன கேள்வி. எப்பவும் போலத்தான் போகுது."

பிறகு செல்லத்தங்கம் மெதுவாகச் சொன்னார். "இரும்பு உள்ளுக்குப் போனா மலம் கறுத்துத்தான் போகும். கறுக்கல்ல எண்டா போகல்ல. குளிசை எங்க?"

அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம் இருந்தது. நாலு பக்கமும் நூலால் நெருக்கித் தைத்திருந்தது. என் கையில் வைத்தார். அமுக்கிப் பார்த்தேன். உள்ளே குளிசைகள் உருண்டன. நான் எண்ணிக் கொடுத்த அத்தனையும். பாக்குவெட்டிக்கும் கத்திக்கும் பக்கத்தில், தலையணைக்குக் கீழே இருபது நாளாகக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கின்றன.

ஆசியா உம்மா வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் களவு பிடிபட்டவரின் வெட்கம் இல்லை. "நீங்கதானே மகன், மருமகனிட்டச் சொல்லி அனுப்பின, இரும்பு காணாது எண்டு. வெச்சிரிந்தது காணாது எண்டுதான் இதையும் சேத்து வெச்சன். காலையில ஒரு தரம் தடவிப் பாப்பன், பின்னேரம் ஒரு தரம் தடவிப் பாப்பன். சோத்துக்குப் பொறகுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்புத்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

"இது முழுங்கிற சாமான் மாமி," என்றேன்.

"இரும்ப ஆரும் முழுங்குவாங்களா? குடல் கிழியாதா? பாலுக்கால போய்ப் புள்ளைக்கும் ஏதும் ஆகினா?"

பால் நின்று இரண்டு மாதம் ஆகிறது என்று செல்லத்தங்கம் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் ஆசியா உம்மாவை வாசற்படியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கட மகள் என்னத்துக்கு மண் தின்றா தெரியுமா உம்மா? அவவுக்கு என்னமோ காணாது எண்டு உடம்புக்குத் தெரியுது. எங்க இரிக்கி எண்டு தெரியல்ல. அடுப்புலயும் பானையிலயும் தேடுறா. அங்க இல்ல. இந்தப் பொட்டலத்துல இரிக்கி."

இதை அவர் சொன்னபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாலு வருடமாக அந்தக் குளிசையை எண்ணியவன் நான். ஆட்டுப் புழுக்கை எண்ணுவதுபோல் எண்ணியவன். ஒரு உடம்பு தனக்கு இல்லாத ஒன்றைத் தேடி, பேர் தெரியாமல், வழி தெரியாமல், மண்ணைக் கிள்ளித் தின்கிறது என்பது என் புத்தியில் ஒருநாளும் பட்டதில்லை.

ஆசியா உம்மா இன்னும் அசையவில்லை. "அப்ப தலகாணிக்குக் கீழ ஒண்டும் வேணாமா? ஜின் வந்தா?"

"பாக்குவெட்டி அங்கேயே கிடக்கட்டும்," என்றார் செல்லத்தங்கம். "அது வெளிக் காவல். குளிசை உள் காவல். ரெண்டும் இரிக்கட்டும்."

சைவ சமயத்துக்காரியான அந்த மனுசி அப்படிச் சொன்னது ஆசியா உம்மாவின் மனதில் போய் உட்கார்ந்தது. ஆனாலும் லெவ்வையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் என்றார். அச்சிமுகம்மது லெவ்வை பெரிய மனசுக்காரர். "இரும்பும் அல்லாஹ் தந்ததுதான். மருந்து குடிக்கிறது சுன்னத்து, நபி காட்டின வழி. குடுங்க," என்று முடித்துவிட்டார். அன்று பின்னேரமே பொட்டலத்தின் தையலைப் பிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மலம் கறுத்தது. ஆசியா உம்மா முன்பே அறிந்திருந்தும் பயந்துபோய் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான், நல்ல சகுனம் மாமி என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒன்றும் நடக்கவில்லை. கால் வீக்கம் மட்டும் வற்றியது. ஜவுபர் காக்கா ஒவ்வொரு நாளும் டிஸ்பென்சரி வாசலால் போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இல்லை என்று அர்த்தம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் என்றிருந்தது, இருபது நாள் என்றானது.

ஒருநாள் பகல் ஆசியா உம்மா கையில் அகப்பையோடு எங்கள் வேலிக்கு ஓடி வந்தார். ஏதோ நடந்துவிட்டது என்று என் மனைவி பதறிப்போனாள்.

"புள்ள, என்ன நடந்த தெரியுமா? மகள் மீன் ஆணத்துல புளி காணாது எண்டு சொல்றா."

"அதுக்கென்ன மாமி?" என்றாள் என் மனைவி.

"புளி காணாதாம். வெறும் தண்ணியாக் கிடக்காம். இதை எப்படித் தின்னுற எண்டு எனக்கு ஏசுறா." சொல்லிக்கொண்டே அவர் அழுதார். நாலு மாதம் வைத்ததைத் தின்றுவிட்டு ஓம் என்று சொன்ன வாய் அது.

அடுத்தடுத்த நாட்களில் நடந்தவை எல்லாம் அற்பமான காரியங்கள். தலை சீவினாள். நூல் சிக்கலாகக் கிடக்கிறதே என்று எரிச்சல்பட்டாள். கோழி உள்ளே வந்தபோது சூ என்று துரத்தினாள். ஓட்டுத் துண்டைத் தேடுவதை விட்டாள். ஒவ்வொன்றும் எங்கள் வேலிக்கு வந்து சேர்ந்தது. யாரும் அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. முன்பு சொன்னபோதெல்லாம் அது அவளைப் போய்ச் சேரவும் இல்லை. நான் கடதாசியில் மடித்துக் கொடுத்த அந்தச் சின்ன உருண்டை உள்ளே போய் இரத்தத்துக்கு நிறம் கொடுத்தது. அந்த நிறம் ஏறஏற, போன இடம் தெரியாமல் போயிருந்த ஒரு மனுசி படிப்படியாகத் தன் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். புளியின் ருசி வழியாக, கோழியின் மேல் வந்த கோபம் வழியாக. மனசு என்பது எங்கேயோ மேலே, தொட முடியாத இடத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தவன் நான். அதுவும் இரத்தத்தில் நனைந்துதான் இருக்கிறதா?

இதை ஐயாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரத்தம் வெளிறினா சிலருக்கு மனமும் வெளிறும் தம்பி. ஏன் எண்டு வடிவா எனக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியுமோ எண்டும் தெரியாது." பிறகு கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "ஒரு மனிசற்ற உடம்பில இருக்கிற இரும்பு முழுக்கச் சேத்தெடுத்தா எவ்வளவு வரும் எண்டு நினைக்கிறாய்? ஒரு ஆணி. ஒரு சின்ன ஆணிதான்," என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தச்சன் பட்டறைக்கு முன்னால் நின்று ஒரு ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பாதி குறைந்ததற்கா ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் அழுகை அடுத்த வளவில் கேட்டது? நான் நெடுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தச்சன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வியப்பில் நான் கொஞ்ச நாள் துக்கப்பட்டவர்களுக்கெல்லாம் இரும்புக் குளிசை கொடுத்துப் பார்க்கலாம் என்று அலைந்தேன். கடலில் மகனைக் கொடுத்த ஒரு தாயின் இமையை ஐயா இழுத்துப் பார்த்தார். செக்கச் செவேல் என்று இருந்தது. "இவவுக்குக் காணாதது இரும்பில்ல," என்று மெல்லச் சொல்லி அனுப்பினார். எல்லாத் துயரத்துக்கும் ஒரே பொட்டலம் இல்லை. சுபைறாவும் இதைப் பிறகு நன்றாக அறிந்து வைத்திருந்தாள். சிவந்த இமையோடு அழுகிறவளிடம் அவள் இரும்பைப் பற்றிப் பேசமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. புளியும் கோழியும் சரி, ஆனால் பிள்ளையை அவள் தானாகத் தூக்கியதை அதுவரை யாரும் காணவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள், பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள். நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கை மாற்ற ஆசியா உம்மாவுக்குத் துணிவில்லை. ருசி வந்தது வேறு, பிள்ளை வளர்ப்பது வேறு என்று நாச்சியா சொல்லி அனுப்பியிருந்தார். அதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நாச்சியா வந்தார். கூடவே புதுத் தொட்டில் சேலை, புதுச் சங்கு, பால் மா டின். முன் மண்டபத்தில் ஆண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வாப்பாவுக்குக் கால் வலி என்று அவருக்குப் பதிலாக நான் போயிருந்தேன். உள் அறைக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். ஜவுபர் காக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கை பச்சை நிறம்.

நாச்சியாவின் குரல் கேட்டது. "மதினி, புள்ளைய நான் கொண்டு போகட்டா?"

பாய் சரசரத்தது. யாரோ எழும்பி நடக்கிற சத்தம். பிறகு ஆசியா உம்மாவின் குரல், பயந்த குரல். "மகள், அதை ஏன் எடுக்கிறாய்? மகள், அதை வெய்."

தலையணைக்குக் கீழே இருப்பது என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜவுபர் காக்கா பாதி எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதா வேண்டாமா என்று நாங்கள் நின்ற அந்த நேரத்தில் ஒரு சத்தம் வந்தது.

கறுக்.

ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம். இன்னொன்று. கறுக். காய்ந்த பாக்கு இரும்பின் வாயில் இரண்டாகப் பிளக்கிற சத்தம். ஜவுபர் காக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வட்டாவில் வெற்றிலையை அடுக்குவது கேட்டது, சுண்ணாம்புக் கிண்ணத்தின் மூடி கேட்டது. பிறகு சுபைறாவின் குரல். உரத்த குரல் அல்ல. வீட்டுக்கு வந்த புருஷனின் உறவுக்காரியோடு ஒரு வீட்டுக்காரி கதைக்கிற குரல்.

"வெத்தில போடுங்க மதினி. புள்ள தூங்குறா. எழும்பினாப் பொறகு பாத்துப்போட்டுப் போங்க."

பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. நாச்சியா வெற்றிலையை எடுத்தால் விருந்தாளி. எடுக்காவிட்டால் பேசி முடித்ததைக் கேட்க வந்தவர். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு வெற்றிலையின் காம்பு கிள்ளுகிற சத்தம் கேட்டது.

"பாக்கு நல்லாக் காய்ஞ்சிரிக்கி மதினி," என்றார் நாச்சியா. குரல் உடைந்திருந்தது.

பிள்ளை எழும்பி அழுதது. இந்த முறை அதைத் தூக்கப் போனவள் யார் என்று திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் மற்ற இருவரும் அப்போது அழுதுகொண்டிருந்தார்கள். நாச்சியா மத்தியானச் சோறு தின்றுவிட்டுத்தான் போனார். புதுத் தொட்டில் சேலையைப் பிள்ளைக்கென்று அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் பிறகு எந்தப் பெருநாளும் அவர் இல்லாமல் நடக்கவில்லை. சல்மா உம்மாவின் கல்யாணத்துக்கு முதல் சேலை எடுத்தவரும் அவர்தான்.

எல்லாரும் போன பிறகு ஆசியா உம்மா பாயைச் சுருட்டப் போனாராம். தலையணையைத் தூக்கிப் பார்த்தபோது பாயில் பாக்குவெட்டியின் உருவம் துருவாகப் படிந்திருந்தது. இரண்டு கையும், வாயும், அச்சு அசலாக. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மண்டபத்துக்கு வந்து, வட்டாவில் வெற்றிலைக்குப் பக்கத்தில் கிடந்த பாக்குவெட்டியைப் பார்த்தார். அதைத் திரும்பத் தலையணைக்குக் கீழே கொண்டுபோய் வைக்கவில்லை.